தொட்டிச் செடிக்கும் ஒரு குளிர்காலம்

பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டிலோ வேற்று மாநிலத்திலோ குடியேறும் தமிழர் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் சிலவே. படுக்கை, பாத்திரம், பிள்ளைகளின் பாடநூல் ஆகியவற்றுடன் ஒரு துளசியோ, ஒரு மல்லிகைப் பதியனோ, ஒரு கறிவேப்பிலைக் கன்றோ அவர்தம் மூட்டைகளுக்கு நடுவே இடம்பெறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஊர் மாறுவதால் பாத்திரத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. செடியின் நிலை அப்படியன்று. அது புதியதொரு வானத்தின் கீழ்ப் பிழைத்தாக வேண்டும். அதிலும், தரையில் நட இடமின்றி மாடத்துத் தொட்டியில் வளர்க்கப்படும் செடி ஆண்டில் ஒரு பருவத்திலேனும் கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது. அப்பருவத்தை அது எவ்வாறு கடக்கிறது, நாம் அதற்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பது பற்றிச் சில செய்திகளைச் சங்க அன்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

குளிர்காலத்தில் செடிகளைக் காத்தல் என்றவுடன், பனி பொழியும் நாடுகளே நம் நினைவுக்கு வரும். டொரான்டோவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர், ஐப்பசி பிறந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டினுள் கொண்டுசென்று, வெயில் படும் தெற்குச் சன்னலோரம் வைத்துவிடுகின்றனர். அங்கே அச்செடி இலைகளை உதிர்த்து, வெறுங்குச்சியாய் நின்று, தை மாசி வரையில் உறங்கும். செடி செத்தது என்று எண்ணி எரு இடுவதும் நீரை வாரி ஊற்றுவதும் அதனை உண்மையிலேயே கொன்றுவிடும். உறங்கும் செடிக்கு வேண்டுவது சிறிது ஒளியும், மண் காய்ந்தபின் சிறிது நீரும், வளர்ப்பவரின் பொறுமையுமேயாகும்.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நம் நீலகிரியிலேயே இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1848-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உதகை அரசுத் தாவரவியல் பூங்காவில், கார்த்திகை தொடங்கித் தை முடிய உறைபனி விழும் காலங்களில், மென்மையான மலர்ச்செடிகளைக் ‘கோத்தகிரி மிலார்’ என்னும் செடியின் கிளைகளால் மூடிக் காப்பது வழக்கம். வானம் தெளிந்திருக்கும் இரவில், நிலமும் இலைகளும் தம் வெப்பத்தைத் தடையின்றி வெளியே இழந்துவிடுகின்றன. அவ்வாறு குளிர்ந்த இலையின்மீது ஈரம் பனிக்கட்டியாய் உறைகிறது. இலையின் உள்ளிருக்கும் நீரும் உறையும்போது அதன் நுண்ணறைகள் சிதைந்து, மறுநாள் வெயிலில் இலை கருகினாற்போல் ஆகிறது. மிலார்க் கிளைகள் செடிக்கு ஒரு கூரையாய் நின்று, வெப்பம் முழுதும் வெளியேறாதபடி தடுக்கின்றன. அதே நேரத்தில் காற்றும் உள்ளே உலவ இடம் தருகின்றன. மூடவும் வேண்டும், மூச்சடைக்கவும் கூடாது என்னும் இவ்வுண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

நிற்க. எர்ணாகுளத்துப் பிராட்வேயில் குடியிருக்கும் எனக்கு உறைபனியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். நம் முன்னோர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் முன்பனியும் பின்பனியும் கொச்சியில் பெயரளவில்தான் உள்ளன. மார்கழி இரவிலும் இங்கு வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. ஆனால் செடிகளுக்கு இங்கும் ஒரு குளிர்காலம் இருக்கத்தான் செய்கிறது. அது மார்கழியில் வருவதன்று. ஆனியிலும் ஆடியிலும் வருவது. மலையாளத்தார் அதன் கொடிய பகுதியைக் ‘கள்ளக் கர்க்கடகம்’ என்று வழங்குகின்றனர்.

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் நாள் வழக்கமாக ஜூன் 1 எனக் கணிக்கப்படுகிறது. மதுரையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். கொச்சியிலோ அவ்வளவு மழை ஜூன், ஜூலை ஆகிய இரண்டு மாதங்களிலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரை எட்டுகிறது. பல நாள்கள் தொடர்ந்து வெயிலின் முகமே தெரிவதில்லை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே ஆடி இங்கே கர்க்கடகம் என்னும் பெயர் பூண்டு, விதைத்ததையும் வளர்த்ததையும் அழுகச் செய்யும் மாதமாய் நிற்கிறது. மாதம் ஒன்றுதான், மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் அதன் குணம் வேறு. இதை உணர்ந்துகொள்வதே வேற்றூரில் செடி வளர்ப்போர் கற்கவேண்டிய முதற்பாடம்.

கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள டோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்தவை. மேற்கே வானம் கறுப்பதைக் கண்டதும் கொடியிலுள்ள துணிகளை அள்ளுவதற்கு அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. நம்மைப் போல் பின்னர் வந்தவர்கள்தாம் அதைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது.

என் தந்தையார் காலமானபின், ஐந்தாண்டுகளுக்கு முன்பு, என் அன்னையார் திருமங்கலத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரை விட்டு எங்களுடன் வாழ வந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டியும், கோணிச் சாக்கில் சுற்றிய மூன்று தொட்டிகளும் கொணர்ந்தார். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் மரு, ஒன்றில் துளசி. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாய் இருக்கும் எனக்கு மாற்றல்கள் புதியன அல்ல. ஆயினும் அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக ஊர் மாறிய அவருக்கு அம்மூன்று தொட்டிகளே ஊராக இருந்தன. காலையில் எழுந்ததும் அவற்றோடு இரண்டு சொல் பேசிவிட்டுத்தான் எங்களோடு பேசுவார்.

எங்கள் வீடு, கீழே கடைகளும் மேலே குடும்பங்களும் உள்ள பழைய கட்டடத்தில், மேற்கு நோக்கிய மாடத்தை உடையது. காயலைக் கடந்து வரும் மழைக்காற்று நேரே எங்கள் மாடத்தில்தான் மோதும். அவர் வந்த ஆண்டின் ஆனியில் மழை தொடங்கிற்று. ஆடி பாதியாவதற்குள் மருவின் தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்தது. மல்லிகையின் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. ஒரு மாலை நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அன்னையார், “இந்த ஊர் மழை என் மல்லிக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது தம்பி. நான் ஊருக்கே போய்விடுகிறேன்” என்றார். அவர் சினந்து கூறவில்லை. முடிவு செய்துவிட்டவர் கூறுவது போலவே கூறினார். ஊரில் அவருக்கு வீடு இருந்தது; துணைக்கு ஆள் இல்லை. என் மனைவி அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

எங்கள் தளத்திலேயே வாழும் மலையாள மூதாட்டி ஒருவர் உண்டு. நாங்கள் அவரை அம்மச்சி என்று அழைப்போம். மறுநாள் அவர் வந்து, செத்த மருவின் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்தார். வேர்கள் வெண்மையாய் இராமல், பழுப்பேறிக் குழைந்து, நாற்றம் வீசின. தொட்டியின் அடித்துளை மண்ணால் அடைபட்டிருந்தது. அவர் அதை அன்னையாருக்குச் சுட்டிக் காட்டி, “கர்க்கடகம் கழியட்டே” என்று கூறினார். கர்க்கடகம் கழியட்டும் என்பதே அதன் பொருள். மொழி தெரியாத இருவரும் அன்று முதல் செடிகளை முன்னிட்டுத் தோழியர் ஆயினர். அவரிடம் கண்டும் கேட்டும், பின்னர் வேளாண் துறையின் கிருஷி பவனில் உசாவியும் அறிந்தவற்றைக் கீழே தொகுத்துரைக்கிறேன்.

முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். தரையில் நிற்கும் மரத்தின் வேர் வேண்டிய ஆழத்துக்கும் அகலத்துக்கும் சென்று தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடியின் வேருக்கோ ஒரு சாண் மண்ணே உலகம். பனி நாட்டில் அச்சிறு மண் எளிதில் உறைகிறது. மழை நாட்டில் எளிதில் சேறாகிறது. மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. காற்றின்றி வேர் மூச்சுத் திணறுகிறது. தளர்ந்த வேரில் அழுகல் பூஞ்சை நுழைகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலின் நீரில் நின்றுகொண்டே செடி வாடும். அவ்வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுதல் நோயாளிக்கு நஞ்சூட்டுவதை ஒக்கும். உறைபனியாயினும் அடைமழையாயினும், இலையைப் பார்ப்பதற்கு முன் வேரை நினைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவன. வைகாசி பிறந்தவுடன், மழைக்கு முன்பே, தொட்டிகளை ஆயத்தம் செய்தல் நன்று. செம்மண், ஆற்று மணல், மட்கிய எரு ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்து, அடித்துளைமீது ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மண்ணை நிரப்புக. தென்னை நார்க்கழிவு கேரளத்தில் மலிவாகக் கிடைக்கிறது; வெயில் காலத்தில் அது நீரைப் பிடித்து வைத்து நன்மை செய்யும். ஆனால் மல்லிகை, துளசி போன்ற செடிகளுக்கு மழைக் காலத்தில் அதுவே தீங்காகும். ஆதலின் அதனை அளவோடு சேர்த்தல் வேண்டும். தொட்டிகளை இரண்டு செங்கற்களின்மீது உயர்த்தி வைத்தால் நீர் தடையின்றி வடியும்.

இரண்டாவது, செடிகளைத் தரம் பிரித்தல். பெரணி, மணிச்செடி, ஆந்தூரியம் ஆகியவை மழை நாட்டின் மக்கள். அவற்றைச் சாரல் படும் இடத்தில் விட்டுவிடலாம். மல்லிகை, மரு, துளசி, கறிவேப்பிலை, கள்ளி வகைகள் ஆகியவை வெயிலில் வளர்ந்தவை. அவற்றைச் சுவரோரமாகக் கூரை நிழலுக்கு ஒதுக்குக. ஒதுக்கினும் ஒளி குன்றாத இடமாய் இருத்தல் வேண்டும். மாடத்தின் கைப்பிடிச் சுவர்மீது எந்தத் தொட்டியையும் மழைக் காலத்தில் வைக்கலாகாது. பிராட்வே போன்ற நெருக்கடி மிக்க கடைத்தெருவில், காற்றில் விழும் ஒரு தொட்டி கீழே நடப்போர் உயிருக்கே உலை வைக்கும். நம் பூவைக் காட்டிலும் பிறர் தலை பெரிது.

மூன்றாவது, மறைப்புக் கட்டுதல். மேற்குப் புறத்தில் தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டி, மேலும் கீழும் ஒரு முழம் இடைவெளி விடுக. செடியைப் பாலித்தீன் உறையால் இறுக மூடினால் உள்ளே புழுக்கம் மிகுந்து பூஞ்சை பெருகும். உதகையின் மிலார்க் கிளை கற்பிக்கும் பாடம் இதுவே.

நான்காவது, நோய்த் தடுப்பு. மல்லிகைக்கு மழை தொடங்குமுன் ஒருமுறை போர்டோக் கலவை தெளிக்கலாம். 1885-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் திராட்சைக் கொடிகளுக்கென அறிவிக்கப்பெற்ற இம்மருந்தைக் கேரளத்தார் மிளகுக் கொடிக்குப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் கலமே இதற்கு ஏற்றது. இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியலாகாது; படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நாம் உண்ணும் இலைகளாகிய துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் இதனைத் தெளிக்கலாகாது. அவற்றுக்குக் கிருஷி பவன் வழியாக அறியலாகும் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய் நுண்ணுயிர்ப் பொடியை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம்.

ஐந்தாவது, அடைமழையில் எரு இடுதலும் கிளை கழித்தலும் வேண்டா. இட்ட எரு கரைந்து ஓடிவிடும். வெட்டிய வாயில் அழுகல் ஏறும். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நம் பக்கத்து உழவர் கார்த்திகை நடுவில், நவம்பர் இறுதியில், கவாத்து செய்வர். இங்கும் துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழை ஓய்ந்தபின் அதனைச் செய்தால், மாசி முதல் பூக்கத் தொடங்கும். ஆனி முதல் ஆவணி வரை பூவை எதிர்பாராதிருப்பதே நன்று.

ஆறாவது, நத்தை. ஆப்பிரிக்கப் பெருநத்தை இப்பகுதியில் மழைக்காலத்தில் சுவரேறி மாடம் வரையில் வந்து, ஓரிரவில் கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. மூளையுறையைத் தாக்கும் நோய்க்கு ஏதுவான புழு அதன் உடலில் இருக்கக்கூடும். ஆதலின் வெறுங்கையால் தொடவும், குழந்தைகளைத் தொட விடவும் கூடாது. கையுறை அணிந்தோ குறட்டாலோ எடுத்து உப்பு நீரில் இட்டுக் கொல்லுதல் வேண்டும்.

ஏழாவது செய்தியை ஒரு நிகழ்ச்சியுடன் கூற வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தில் ஒரு சிறுமிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. கட்டட உரிமையாளர், ஒரு வாரத்துக்குள் எல்லா மாடங்களிலும் உள்ள தொட்டிகளை அகற்றிவிட வேண்டும் என்று அறிவித்தார். சிறுமி மருத்துவமனையில் இருந்த நேரம். எவரும் வாய் திறக்கவில்லை. அன்னையார் கட்டிலின் அடியிலிருந்த தகரப் பெட்டியை வெளியே இழுத்துத் துடைக்கத் தொடங்கினார். அதைக் கண்ட அம்மச்சி அங்கன்வாடிப் பக்கமிருந்து ஆஷா பணியாளரை அழைத்து வந்தார். அவர் ஒவ்வொரு வீட்டையும் ஆராய்ந்தார். எங்கள் தொட்டிகளின் அடியில் தட்டுகளை முன்னமே நீக்கியிருந்தமையால் அவற்றில் நீர் இல்லை. கொசுப் புழுக்கள், ஒரு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டிலும், மொட்டைமாடியில் மடிந்து கிடந்த தார்ப்பாயின் பள்ளத்திலும் நெளிந்தன. சில வீட்டுத் தொட்டித் தட்டுகளிலும் அவை இருந்தன என்பதை மறைத்தல் அறமாகாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிப்பது. அதன் முட்டை கொசுவாக வளர்வதற்கு ஏழு முதல் பத்து நாள்கள் போதும். ஆதலின் வாரம் ஒருமுறை தேங்கிய நீரை அகற்றினால் அதன் வளர்ச்சி அறுபடும். கேரள நலவாழ்வுத் துறை பள்ளிகளுக்கு வெள்ளி, அலுவலகங்களுக்குச் சனி, வீடுகளுக்கு ஞாயிறு என ‘டிரை டே’ வகுத்திருப்பது இக்கணக்கினால்தான். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

அன்று மாலை எல்லாக் குடும்பத்தினரும் கூடி, தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை என்றும், ஞாயிறுதோறும் முறைவைத்து ஒருவர் எல்லா மாடங்களையும் மொட்டைமாடியையும் பார்வையிடுவது என்றும் முடிவு செய்தோம். உரிமையாளரும் இசைந்தார். சிறுமி நலமுற்று வீடு திரும்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமை பார்வையிடும் பொறுப்பை அன்னையார் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு வீடுகளுக்குள்ளும் சென்று, தமக்குத் தெரிந்த பத்து மலையாளச் சொற்களைக் கொண்டே அவர் அனைவரையும் விசாரித்து வந்தார். தகரப் பெட்டி மீண்டும் கட்டிலுக்கடியில் சென்றது. அதற்குப்பின் ஊருக்குத் திரும்பும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இறுதியாக, எல்லாக் காப்பினும் சிறந்த காப்பு ஒன்றைக் கூறி முடிக்கிறேன். ஜூன் 22 அளவில் தொடங்கி ஏறத்தாழ இரு வாரம் நிற்கும் காலத்தை மலையாளத்தார் திருவாதிரை ஞாற்றுவேலை என்பர். அப்போது நட்ட கொம்பெல்லாம் வேர்விடும் என்பது அவர்தம் நம்பிக்கை. காற்றில் ஈரம் நிறைந்து வெயிலும் மட்டுப்பட்டிருப்பதால், வெட்டிய கொம்பு வாடாமல் வேர் பிடிக்க அக்காலம் பெரிதும் உதவுகிறது. கிளை கழித்தல் கூடாத அக்காலத்தில் கொம்புக்காக ஒன்றிரண்டு நுனிகளை மட்டும் கிள்ளுதல் தவறாகாது. ஒவ்வொரு செடியிலும் அவ்வாறு எடுத்து, மணற்பாங்கான மண்ணில் நட்டு, கூரையடியில் வைத்து, வேர்விட்டபின் அயல்வீட்டார்க்கு அளிப்பீராக. அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த மல்லிகைத் தாய்ச்செடி இரண்டாம் ஆண்டு மழையில் பட்டுப்போயிற்று. ஆனால் அதற்குமுன் அம்மச்சிக்குக் கொடுத்த கொம்பு அவருடைய கிழக்கு மாடத்தில் தழைத்திருந்தது. இன்று எங்கள் வீட்டிலுள்ள மல்லிகை அங்கிருந்து திரும்பி வந்த கொம்புதான். ஒரு மாடத்தில் மட்டும் இருப்பது ஒரு மழையில் போய்விடக்கூடும். பல மாடங்களில் இருப்பது எங்கேனும் பிழைத்திருக்கும்.

செடிக்கு உண்மையாவது நம் பழக்கவழக்கங்களுக்கும் மொழிக்கும் உண்மையே என்று நான் எண்ணுகிறேன். அவற்றையும் வீட்டுக்குள் இறுக மூடி வைக்காமல், காற்றோட்டமுள்ள மறைப்பின் கீழ்க் காத்து, நம் பிள்ளைகளுக்கும் அயலார்க்கும் பகிர்ந்தளிப்போமாக. சங்க அன்பர் எவருக்கேனும் மல்லிகைக் கொம்பு வேண்டுமாயின், வரும் ஞாற்றுவேலைக்கு முன் சொல்லி அனுப்புக. நான்கு கொம்புகள் எடுத்து வைப்பதாக அன்னையார் சொல்லியிருக்கிறார்.